சேர்ந்து கற்கும் தரம்: தர வல்லுநர் சங்கங்களின் பணிகளும் பாடங்களும்

தொழிற்சாலையில் உருவாகும் பொருள் குறித்த அளவிலும் வலிமையிலும் அமைகிறதா என்று கண்காணித்து, அமையாத இடத்தில் காரணத்தைத் தேடிக் களைவது தரக் கட்டுப்பாடு என்னும் துறையின் பணி. 1924-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தொலைபேசித் துறையில் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், ஏறத்தாழ ஒரே பக்க அளவிலான குறிப்பொன்றில் வரைந்து காட்டிய ‘கட்டுப்பாட்டு வரைபடம்’ இத்துறைக்கு அறிவியல் அடித்தளம் இட்டது. எந்த இயந்திரமும் ஒரே அளவில் பொருள்களைத் தந்துகொண்டே இருப்பதில்லை. சிறிதளவு கூடுவதும் குறைவதும் இயல்பு. அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் கணக்கிட்டுக் கோடுகளாக இட்டு, அவற்றைத் தாண்டும் புள்ளியை மட்டும் தனிக் காரணம் உடையதாகக் கருதி ஆராய வேண்டும் என்பதே ஷூஹார்ட் காட்டிய வழி. கல்லூரிப் பாடமாக வேரூன்றுவதற்கு முன்பே இந்த அறிவு தொழில் நகரங்களில் கூடிப் பேசிய சிறு குழுக்களின் வழியாகப் பரவியது என்பதும், இன்றும் அத்தகைய உள்ளூர்ச் சங்கங்களே அதை உயிரோடு வைத்திருக்கின்றன என்பதும் பரவலாக அறியப்படாத செய்திகள்.

வகுப்பிலிருந்து சங்கத்துக்கு

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், படைக்கருவிகள் பழுதின்றி விரைவாக உருவாக வேண்டிய நெருக்கடியில், அமெரிக்க அரசு பொறியாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் புள்ளியியல் தரக் கட்டுப்பாட்டில் குறுகிய காலப் பயிற்சி அளித்தது. புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங் பங்கேற்க, 1942-இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இந்த வகுப்புகள் பின்னர் பல நகரங்களுக்குப் பரவின. பயிற்சி சில நாள்களில் முடிந்துவிட்டாலும், ஆலைக்குத் திரும்பியவர்களுக்கு ஐயங்கள் முடியவில்லை. அதனால் ஓர் ஊரைச் சுற்றியிருந்தவர்கள் மாலை வேளைகளில் கூடித் தத்தம் வரைபடங்களை ஒருவருக்கொருவர் காட்டிப் பேசத் தொடங்கினர். இவ்வாறு தனித்தனியாகத் தோன்றிய 17 உள்ளூர்ச் சங்கங்கள் 1946 பிப்ரவரியில் ஒன்றிணைந்து அமெரிக்கத் தரக் கட்டுப்பாட்டுச் சங்கமாக உருப்பெற்றன. பெல் ஆய்வகத்தில் தர உறுதிப் பணிகளை நடத்திவந்த ஜார்ஜ் எட்வர்ட்ஸ் அதன் முதல் தலைவரானார். கிளைகள் முதலில் பிறந்து, தலைமைச் சங்கம் பின்னர் வந்த இந்த வரிசை, இத்தகைய அமைப்பின் வலிமை எங்கே இருக்கிறது என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

ஓர் இதழும் ஒரு வாசிப்பு வட்டமும்

1946-இல் நிறுவப்பட்ட ஜப்பானிய அறிவியலாளர், பொறியாளர் ஒன்றியம் 1950-இல் டெமிங்கை அழைத்துப் பொறியாளர்களுக்கும் நிறுவனத் தலைவர்களுக்கும் வகுப்புகள் நடத்தியது. அவ்வுரைகள் நூலாக வெளிவந்தபோது அதற்குரிய தொகையை டெமிங் அந்த ஒன்றியத்துக்கே அளித்துவிட, அதைக் கொண்டு 1951-இல் தரப் பணிக்கான டெமிங் பரிசு நிறுவப்பட்டது. எனினும் அந்த அறிவு உயர் நிலையிலிருந்து எந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளியிடம் சென்று சேர வேறொரு வழி தேவைப்பட்டது.

அவ்வழியை அமைத்தவர் டோக்கியோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா. உற்பத்தித் தளத்தின் மேற்பார்வையாளர்களுக்கென்றே 1962 ஏப்ரலில் ஓர் இதழ் தொடங்கப்பட்டது. தம் சொந்தப் பணத்திலேயே வாங்கிப் படிக்கும் வகையில் அதன் விலை குறைவாக வைக்கப்பட்டது. படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்கள் தனியே இதழைப் பிரித்தால் பாதியில் மூடிவிடுவார்கள் என்பதால், மேற்பார்வையாளரும் அவர்கீழ்ப் பணிபுரிவோரும் சிறு குழுவாகச் சேர்ந்து படித்து, படித்ததை உடனே தம் பணியில் செய்து பார்க்க வேண்டும் என்று அவ்விதழ் வலியுறுத்தியது. ‘தர வட்டம்’ என்று பின்னாளில் உலகெங்கும் அறியப்பட்ட அமைப்பின் வேர் இந்த வாசிப்புக் குழுவே ஆகும். அவ்விதழில் வெளிவந்த பாடங்களிலிருந்து உருவான இஷிகாவாவின் கையேடு ஆங்கிலத்திலும் வெளியாகி, இன்றுவரை தொடக்க நிலைக் கற்போருக்குப் பொருத்தமான நூலாக விளங்குகிறது.

இந்தியாவில் வேரூன்றிய விதம்

இந்தியாவில் இத்துறையை முன்னெடுத்தவர் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை உருவாக்கிய பி.சி. மகாலனோபிஸ். அந்நிறுவனத்தின் அழைப்பின்பேரில் 1947-48-இல் ஷூஹார்ட் இந்தியாவுக்கு வந்து தொழில்துறையினரிடையே உரையாற்றினார். 1950-களில் அந்நிறுவனம் தொழில் நகரங்களில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. இந்தியாவில் தர வட்டங்களின் வரலாறு 1980-இல் ஹைதராபாதை அடுத்த ராமச்சந்திரபுரத்திலுள்ள பாரத மிகு மின் நிறுவனத்தின் (பிஎச்இஎல்) தொழிற்சாலையில் தொடங்குகிறது. அங்குக் கிடைத்த பட்டறிவைப் பிற நிறுவனங்களோடு பகிர்ந்துகொள்ளும் நோக்கத்தில் 1982-இல் இந்தியத் தர வட்ட மன்றம் அமைக்கப்பட்டது; சென்னை, கோவை உள்ளிட்ட நகரங்களில் அதற்குக் கிளைகள் உள்ளன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியத் தர மற்றும் நம்பகத்தன்மை நிறுவனமும் இதே களத்தில் இயங்குகிறது. 1998-இல் சென்னைப் பாடியிலுள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு இந்தியாவிலிருந்து முதலாவதாக டெமிங் பரிசை வென்றதும், 2002-இல் ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் அதைப் பெற்றதும், தமிழகத் தொழிற்களம் இந்த அறிவை எவ்வளவு ஆழமாக உள்வாங்கியது என்பதற்குச் சான்றுகள்.

மேடையேறும் தொழிலாளர்கள்

தர வட்டம் என்பது ஒரே பிரிவில் பணிபுரியும் ஆறு முதல் பன்னிரண்டு பேர் தாமாக முன்வந்து, பொதுவாக வாரம் ஒரு மணி நேரம் கூடித் தம் பணியிலுள்ள சிக்கலை ஆராயும் குழு. இக்குழுக்கள் கண்ட தீர்வுகளை எடுத்துரைக்கும் ஆண்டு மாநாடு, மன்றக் கிளைகளின் முதன்மையான நிகழ்ச்சி. சிக்கலைக் கண்டறிவதில் தொடங்கித் தொடர் கண்காணிப்பில் முடியும் 12 படிகளைக் கொண்ட முறையொன்று அங்கே பின்பற்றப்படுகிறது.

அம்முறையின் பயனை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். பம்புக்கான உதிரிப்பாகம் கடையும் ஒரு லேத் பட்டறையில் ஒரு மாதத்தில் 200 உருப்படிகள் நிராகரிக்கப்பட்டதாகக் கொள்வோம். காரணவாரியாகக் குறித்தால், துளையின் அளவு மீறியவை 110, மேற்பரப்பில் கீறல் விழுந்தவை 48, மரை பழுதானவை 22, பிற 20 என்று வருகிறது. பெரிய எண்ணிலிருந்து சிறியது நோக்கி இவற்றைக் கட்டங்களாக வரிசைப்படுத்துவது பரேட்டோ வரைபடம். முதலிரு காரணங்களே 79 விழுக்காட்டை விழுங்குவது அதில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அடுத்து, அந்த 110 உருப்படிகளை எந்திரவாரியாகப் பிரித்துப் பார்க்கும்போது 85 உருப்படிகள் ஒரே எந்திரத்திலிருந்து வந்தவை என்று தெரிந்தால், எல்லாரையும் பொதுவாகக் கடிந்துகொள்ளும் தேவை மறைந்து, அந்த ஓர் எந்திரத்தின் தாங்கியையும் வெட்டுளியையும் ஆராயும் வேலை மட்டுமே எஞ்சுகிறது. சாத்தியமான காரணங்களை மீனின் முள்ளெலும்பு வடிவில் கிளைகளாக எழுதும் இஷிகாவாவின் காரண-விளைவு வரைபடம் அப்போது துணைக்கு வருகிறது.

12 படிகளில் ஒன்பதாவது படி தனிக் கவனத்துக்கு உரியது: தீர்வை நடைமுறைப்படுத்தினால் யாரிடமிருந்து எதிர்ப்பு எழக்கூடும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது அது. ஐம்பது உருப்படிகளுக்கு ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும் என்ற விதி, உருப்படிக் கணக்கில் கூலி பெறுபவருக்கு வருமான இழப்பாகத் தோன்றலாம். அவரோடு பேசித் தீர்க்காமல் விதியை மட்டும் சுவரில் ஒட்டினால் அது காகிதத்தில்தான் நிற்கும். ஒருவர் இப்படிப்பட்ட தடையைத் தாண்டிய விதத்தை மேடையில் சொல்லக் கேட்கும் மற்றோர் ஆலைத் தொழிலாளிக்குக் கிடைக்கும் தெளிவை எந்தப் பாடநூலும் எளிதில் தந்துவிடாது.

மணிகள் கற்பிக்கும் பாடம்

சங்கக் கூட்டங்களில் நடத்தத்தக்க பயிற்சிகளுள் டெமிங் தம் கருத்தரங்குகளில் செய்துகாட்டிய சிவப்பு மணிச் சோதனைக்கு ஈடானது அரிது. ஒரு பெட்டியில் 3,200 வெள்ளை மணிகளும் 800 சிவப்பு மணிகளும் கலக்கப்பட்டிருக்கும். 50 குழிகள் கொண்ட அகப்பையைப் பார்வையாளர்களிலிருந்து வந்த ஆறு ‘தொழிலாளர்கள்’ முறைவைத்து அப்பெட்டிக்குள் அமிழ்த்தி எடுப்பார்கள். வெள்ளை மணி நல்ல உருப்படி, சிவப்பு மணி பழுதானது என்பது விதி. மேற்பார்வையாளராக இருப்பவர் ஆறு சிவப்பு மணிகள் எடுத்தவரைப் பாராட்டிப் பதினைந்து எடுத்தவரை எச்சரிப்பார். மறுசுற்றில் பாராட்டுப் பெற்றவருக்கே கூடுதல் சிவப்பு மணிகள் வரக்கூடும். இறுதியில் எல்லா எண்களையும் வரைபடத்தில் குறித்தால், சராசரி 10-ஐ ஒட்டியும், இயல்பான எல்லைகள் ஏறத்தாழ 2-க்கும் 18-க்கும் இடையிலும் அமைந்து, ஆறும் பதினைந்தும் ஒரே ஏற்ற இறக்கத்தின் பகுதிகளே என்பது தெளிவாகும். சிவப்பு மணிகளைக் குறைக்க வேண்டுமானால் பெட்டியில் உள்ளதை மாற்ற வேண்டும். அதற்குரிய அதிகாரம் நிருவாகத்திடம்தான் இருக்கிறது. செலவு மிகக் குறைந்த இப்பயிற்சி, தொழிலாளியும் முதலாளியும் ஒரே அறையில் அமர்ந்து காணவேண்டிய ஒன்று.

கிளைகளின் கையிருப்பும் கடமையும்

கற்றல் வளங்களுக்கு இன்று பஞ்சமில்லை. 1951-இல் அமெரிக்கத் தர வல்லுநர் ஜூரான் முதன்முதலாக வெளியிட்ட தரக் கட்டுப்பாட்டுக் கையேடு பல பதிப்புகளைக் கண்டு இத்துறையின் முதன்மை நோக்கு நூலாக நிலைத்திருக்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனம் வெளியிட்டுள்ள புள்ளியியல் முறைகள் கையேட்டை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் பெரிய நிறுவனத்தின் பொறியாளருக்கு எளிதாகக் கிட்டும் இந்நூல்கள், பத்துப் பேரை வைத்துப் பட்டறை நடத்துபவரின் கையில் ஆங்கிலத்தில் இருக்கும்வரை பயன்படுவதில்லை. அந்த இடைவெளியை நிரப்புவதே உள்ளூர்க் கிளையின் தலையாய பணி.

அதற்குப் பெரும் முதலீடு தேவையில்லை. மாதம் ஒரு கருவியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரிலுள்ள பட்டறை ஒன்றின் உண்மைத் தரவுகளை வைத்துத் தமிழில் விளக்கும் கூட்டம், ஆலைக்குச் சென்று நேரில் காணும் பயணம், சான்றிதழ்த் தேர்வுகளுக்கு ஆயத்தமாகும் இளைஞர்கள் சேர்ந்து படிக்கும் வாசிப்பு வட்டம், தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கு அளவுமானி பிடிப்பதிலிருந்து வரைபடம் இடுவது வரையிலான பயிற்சி ஆகியவை எந்தக் கிளையாலும் நடத்தக்கூடியவை. உலகத் தர மாதமாகக் கடைப்பிடிக்கப்படும் நவம்பரில் பதாகைகளோடும் உறுதிமொழிகளோடும் நின்றுவிடாமல், அவ்வாண்டில் உறுப்பினர்கள் தீர்த்த சிக்கல்களைத் தொகுத்துச் சிறு தமிழ் நூலாக வெளியிட்டால், பத்தாண்டுகளில் அவ்வூருக்கென்றே ஒரு தொழில்நூல் வரிசை உருவாகிவிடும்.

பெருநிறுவனத்தின் வாகனத்தில் பொருத்தப்படும் உதிரிப்பாகம் ஏதோ ஒரு சிறு பட்டறையில் கடையப்படுகிறது. அங்கே நேரும் அளவுப் பிழை இறுதியில் வாங்கிப் பயன்படுத்துபவரின் பாதுகாப்பையே தாக்குகிறது. எனவே ஒரு தர வல்லுநர் சங்கத்தின் தகுதியை அளக்கும்போது, கூட்டங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், இதுவரை ஒரு வரைபடம்கூட இடாத எத்தனை பட்டறைகள் அச்சங்கத்தின் துணையால் தம் முதல் வரைபடத்தை இட்டன என்ற கணக்கையே முதன்மையாகக் கொள்ள வேண்டும்.