மூங்கிலும் கிரீன்லாந்து சுறாவும்

மூங்கிலும் பூக்கும் தாவரம்தான், புல் இனம். கல்வராயன் மலைக்குப் போய் மூங்கில் பார்த்தவங்க நிறைய, அது பூத்துப் பார்த்தவங்க கம்மி. பெருமூங்கில் 30 முதல் 50 வருஷம் வரை பூக்காமலே வளரும். பிறகு ஒரு பகுதியில் உள்ள புதர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூத்து, மூங்கிலரிசியைக் கொட்டிவிட்டுக் காய்ந்துபோகும். எலியும் பறவையும் தின்று தீர்க்க முடியாத அளவுக்கு விதை. அதுதான் தந்திரம்.

இப்படி இனப்பெருக்கத்துக்குக் காத்திருப்பதில் மூங்கிலையே மிஞ்சும் ஒரு மீன் உண்டு: வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த ஆழத்தில் வாழும் கிரீன்லாந்து சுறா. 2016-ல் 28 பெண் சுறாக்களின் கண் லென்ஸை ரேடியோகார்பன் முறையில் ஆராய்ந்த முடிவு வெளியானது. (லென்ஸின் மையம் பிறப்பதற்கு முன்பே உருவாகி, கடைசிவரை மாறாமல் இருக்கும். இயற்கையே போட்ட டைம்ஸ்டாம்ப்!) 5 மீட்டர் நீளமிருந்த பெரிய சுறாவுக்குக் குறைந்தது 272 வயசு. குட்டி போடும் பருவம் வரவே சுமார் 150 வருஷம் ஆகுது.

மூங்கில் ஒரே தடவை பூத்து முடிஞ்சிடும். சுறா அப்படி இல்ல, பருவம் வந்த பின் பல முறை குட்டி போடும். அதனால ஆபத்தும் வேற மாதிரி. மூங்கிலுக்கு விதை விழும் அந்த ஒரு பருவம்தான் எல்லாமே. அப்போ காட்டுத்தீ வந்தாலோ, முளைத்த கன்றுகளை ஆடு மாடு மேய்ந்தாலோ அடுத்த தலைமுறை போச்சு. சுறாவுக்கோ எல்லா வருஷமும் ஆபத்துதான். வேற மீனுக்கு விரித்த வலையில் ஒரு தாய்ச்சுறா சிக்கினா, அதன் இடத்துக்கு இன்னிக்குப் பிறக்கும் குட்டி 2170-களில்தான் தயாராகும்.