கிரைண்டருக்கு ஒரு தேங்க்ஸ்!

நாலாவது தோசையைப் பிய்க்கும்போது யாருக்காவது தேங்க்ஸ் சொல்லத் தோணியிருக்கா? 'அம்மாவுக்கே சொல்றதில்லை, இதுல கிரைண்டருக்கா'ன்னு நக்கலடிக்காதீங்க பாஸ். வருஷத்துக்கு ஒரு தடவை சொல்ற கூட்டம்தான் நாம! ஆயுத பூஜை அன்னிக்கு அரிவாள்மணை, கத்தரிக்கோல், மிக்ஸி, கிரைண்டர், அண்ணனோட பைக் வரை ஒண்ணு விடாம சந்தனம், குங்குமம் வெச்சு லீவும் விடறோம். (பாடப் புத்தகத்துக்கும் சேர்த்து லீவு என்பதால், மாணவர் குலத்துக்கு ரொம்பப் பிடிச்ச பண்டிகை!)

ஜப்பான்காரர்கள் இதில் இன்னும் ஒரு படி மேல. அங்கே தையல் ஊசிக்கே 'ஹரி குயோ' என்று ஒரு சடங்கு இருக்கு. பல ஊர்களில் பிப்ரவரி 8-ம் தேதி. வருஷம் முழுக்கக் கெட்டித் துணியில் குத்திக் குத்தி உடைஞ்ச ஊசிகளைக் கோயிலுக்கு எடுத்துட்டுப் போய், பனீர் மாதிரி மெத்துன்னு இருக்கிற டோஃபுவில் செருகி வைக்கிறாங்க. உழைச்சது போதும், இனிமே சாஃப்ட்டா ரெஸ்ட் எடு என்று அர்த்தம்!

ஊசிக்கே இந்த மரியாதைன்னா, கிரைண்டருக்கு என்ன செய்யணும்? பாட்டி காலத்தில் ஆட்டுக்கல்தான். ஒரு கை குழவியைச் சுத்த, இன்னொரு கை மாவைத் தள்ளிவிட... உளுந்து தனி, அரிசி தனி. பெரிய குடும்பம்னா தோள்பட்டை கழண்டுடும். 1950-களில் கோவைக்காரர்கள் அந்தக் கல்லுக்கு மோட்டார் மாட்டினாங்க. சின்னதா ஒரு தலைகீழ் மாற்றம்: ஆட்டுக்கல்லில் கல் நிற்கும், குழவி சுத்தும், கிரைண்டரில் கல்லே சுத்தும், குழவி இருந்த இடத்திலேயே இருக்கும். 'கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்' புவிசார் குறியீடும் வாங்கியாச்சு. 2011-ல் தமிழக அரசு மிக்ஸி, ஃபேனோடு அதையும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பிச்சது.

சரி, மிச்சமான நேரம் எங்கே போச்சு? ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஹான்ஸ் ரோஸ்லிங், 2010-ல் வாஷிங் மெஷின் பற்றி ஒரு மேடையில் பேசினார். அவங்க வீட்டுக்கு முதல் மெஷின் வந்த அன்னிக்குப் பட்டனை அமுக்கினது பாட்டி. விறகு எரிச்சுத் தண்ணி சுட வெச்சு, ஏழு பிள்ளைங்க துணியைக் கையால துவைச்சவங்க. மெஷின் சுத்தி முடிக்கிற வரை எதிரே உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாங்களாம். அம்மாவோ, 'அது துவைக்கட்டும், நாம லைப்ரரிக்குப் போகலாம்'னு பையனைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டாங்க!

நம்ம வீட்டில்? அங்கேதான் இடிக்குது. ஊறப் போடறது, களையறது, நடுவுல தண்ணி தெளிச்சுத் தள்ளிவிடறது, வழிக்கிறது, கழுவறது எல்லாம் இன்னும் அம்மாதான். மோட்டார் பார்க்கிறது சுத்துற வேலை மட்டும். மெஷினுக்குப் பொட்டு வெச்சுட்டுப் பக்கத்தில் நிற்கிறவங்களை மறந்தா அது அரை நன்றிங்கிறது நம்ம கட்சி.

தினமும் மூணு விஷயத்துக்கு நன்றின்னு டைரி எழுதச் சொல்றவங்க இருக்காங்க. எழுதுங்க, தப்பில்லை. அதுக்கு முன்னாடி கிரைண்டரைக் கழுவுங்க! வீட்டில் யாருக்குமே பிடிக்காத வேலை அது. குழவி இடுக்கில் ஒட்டின உளுந்து மாவு காய்ஞ்சா சிமென்ட்தான். வழிச்ச சூட்டோட ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தி ஒரு நிமிஷம் சுத்த விட்டா பாதி வேலை முடிஞ்சுது. மீதிக்குக் கை வைக்கும் முன்னாடி மறக்காம பிளக்கைப் பிடுங்கிடுங்க.

ஹாஸ்டல்வாசிகளே, அடுத்த தடவை ஊருக்குப் போனதும் அரிசி ஊறுதான்னு எட்டிப் பாருங்க. ஊறினா, 'நீ போய் உட்காரும்மா, இன்னிக்கு நான் ஆட்டறேன்'னு சொல்லிப் பாருங்க. முதல்ல நெத்தியில் கை வெச்சுப் பார்ப்பாங்க... காய்ச்சலான்னு!