57 கிலோ எடையில் உலகப் புகழ்

விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டி, சேர்த்த பாலைச் சுமந்து வந்து, நிறுக்கும் இடத்தில் வரிசையில் நிற்பது தோட்டப் பாட்டாளிகளுக்குப் பழகிய காரியம். அங்கே ஆளின் உயரமோ தோற்றமோ கணக்கில் சேர்வதில்லை. தராசு காட்டுவதே கணக்கு. உலக மல்யுத்த அரங்கிலும் ஒரு வீரன் முதன்முதலில் நிற்க வேண்டியது தராசின் முன்னேதான் என்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம்.

மல்யுத்தம் என்றதும், சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத்து முதியவர்களுக்குக் கிங்காங், தாராசிங் ஆகியோரின் பெயர்களே நினைவுக்கு வரும். மலைபோன்ற உடல் படைத்த அவர்கள் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பெரும் புகழ் பெற்றவர்கள். எனினும், அது கட்டணம் பெற்று நடத்தப்பட்ட தொழில்முறை மல்யுத்தம். ஒலிம்பிக்கிலும் உலகச் சாம்பியன் போட்டியிலும் நடைபெறும் அமெச்சூர் மல்யுத்தம் வேறு. அதில் சிறிய உடல் படைத்தவனும் உலக வீரனாகலாம். ஏனெனில், ஒத்த எடையுள்ளோரே அங்குப் பொருதுகின்றனர்.

போட்டியின் விதிகள்

மற்போர் தமிழர்க்குப் புதியதன்று. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைப் பொருது வென்ற செய்தியைப் புறநானூறு கூறுகிறது. இன்றைய உலகப் போட்டிகளோ கோதா மண்ணில் அல்லாமல் மெத்தை விரிப்பில் நடைபெறுகின்றன.

இதில் இரு முறைகள் உள்ளன. கிரேக்க-ரோமானிய முறையில் இடுப்புக்குக் கீழே பிடித்தல் கூடாது. கட்டற்ற முறையில் காலையும் பிடிக்கலாம். மூன்று நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகள் உண்டு. இடையே அரை நிமிட ஓய்வு. எதிரியைக் கீழே வீழ்த்தி அடக்குவதற்கும், அவன் முதுகை விரிப்பின் பக்கம் திருப்புவதற்கும் புள்ளிகள் வழங்கப்படும். அவனுடைய இரு தோள்பட்டைகளையும் விரிப்பில் அழுத்திவிட்டால், புள்ளிக் கணக்கு எதுவாயினும் அக்கணமே வெற்றி. இறுதிப் போட்டிக்குச் சென்ற இருவரிடமும் தோற்றவர்களுக்கு மறுவாய்ப்பு அளிக்கப்படுவதால், இன்று ஒவ்வோர் எடைப் பிரிவிலும் இரண்டு வெண்கலப் பதக்கங்கள் உண்டு.

கிராமம் அனுப்பிய வீரர்

கட்டற்ற முறையின் 57 கிலோ பிரிவில் இந்தியர் பெற்ற சிறப்பு தனியே எடுத்துக் கூறத்தக்கது. அதன் தொடக்கம், மகாராஷ்டிர மாநிலத்தின் கோலேஷ்வர் என்னும் சிற்றூரில் 1926ஆம் ஆண்டு பிறந்த காஷாபா தாதாசாகேப் ஜாதவ் ஆவார். மண்ணில் பழகிய அவர், 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில்தான் மெத்தை விரிப்பைச் சந்தித்தார். அங்கு ஆறாம் இடமே கிடைத்தது.

அடுத்த ஒலிம்பிக் 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் நடந்தது. பயணச் செலவுக்குப் பணமில்லை. ஊரார் பொருள் திரட்டினர். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியின் முதல்வராக இருந்த கார்தேக்கர், தம் வீட்டையே அடகு வைத்து 7,000 ரூபாய் உதவினார். ஜாதவ் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். ஜப்பானின் இஷி தங்கமும், சோவியத் வீரர் மாமத்பேயோவ் வெள்ளியும் பெற்றனர். சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் ஒருவர் பெற்றுத் தந்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. ஊர் திரும்பிய வீரரை நூற்றுக்கும் மேற்பட்ட மாட்டு வண்டிகள் ஊர்வலமாக அழைத்துச் சென்றன.

டில்லி முதல் பாரிஸ் வரை

1967ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி புதுடில்லியில் நடைபெற்றது. அதே 57 கிலோ பிரிவில் பிஷம்பர் சிங் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவரை முந்தித் தங்கம் பெற்றவர், ஏற்கெனவே பலமுறை உலகச் சாம்பியனாக விளங்கிய சோவியத் வீரர் அலி அலியேவ்.

2021ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் ரவி குமார் தஹியா வெள்ளி வென்றார். அரையிறுதியில் 2-9 என்று பின்தங்கியிருந்தும், கடைசி நிமிடத்தில் எதிரியின் தோள்களை விரிப்பில் அழுத்தி வென்ற காட்சி மறக்க இயலாதது. குத்தகை நிலத்தில் பயிரிட்டு வந்த அவருடைய தந்தை, டில்லியில் பயிற்சி பெற்ற மகனுக்கு ஊரிலிருந்து பாலும் வெண்ணெயும் கொண்டு சென்று கொடுத்து வந்தார்.

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில், சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்த அமன் செராவத் தமது 21ஆம் வயதில் அதே பிரிவில் வெண்கலம் பெற்றார். இரு நாட்களிலும் காலையில் எடை பார்க்கும் விதி அங்கு உண்டு. அரையிறுதி முடிந்தபோது அவருடைய எடை 4 கிலோவுக்கு மேல் கூடியிருந்தது. இரவு முழுவதும் உறங்காமல், பயிற்சியாளர்களின் துணையுடன் உழைத்து அதனைக் குறைத்தார்.

நூறு கிராம் தந்த துயரம்

தராசு எல்லாரிடமும் கருணை காட்டுவதில்லை. அமன் பதக்கம் பெறுவதற்கு இரு நாட்களுக்கு முன், பெண்கள் 50 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிக்கு முன்னேறியிருந்த வினேஷ் போகாட், 100 கிராம் கூடுதல் எடைக்காகத் தகுதி இழந்தார். அதற்கு முந்திய நாள் ஜப்பானின் யூய் சுசாகியையே வென்றவர் அவர். மேல்முறையீடும் பலிக்கவில்லை. அவ்வெற்றிகளுக்கு ஒரு பதக்கமும் இல்லை.

விதி கொடியதென்று தோன்றலாம். ஆனால் 100 கிராமை விட்டுக் கொடுத்தால், நாளை 200 கிராமையும் கேட்பர். மெலிந்த உடலினனுக்குப் பாதுகாப்பாக நிற்பது அந்தத் தராசு ஒன்றே.

அதன் முன் தோற்றவன் மீண்டும் எழ முடியும் என்பதற்கும் சான்று உண்டு. ஜப்பானின் ரெய் ஹிகுச்சி, 2021ஆம் ஆண்டு தகுதிச் சுற்றில் 50 கிராம் கூடுதலாக இருந்ததால் வெளியேற்றப்பட்டார். மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிஸில் 57 கிலோ தங்கத்தை வென்றவர் அவரே.

நாம் அறிய வேண்டியவை

கெடா தோட்டத் திடல்களில் மாலை வேளையில் பந்தும் சடுகுடுவும் ஆடும் இளைஞர்களுள், "நான் ஒல்லியானவன், என்னால் என்ன முடியும்?" என்று ஒதுங்கி நிற்பவர் எத்தனையோ பேர். அவர்கள் இந்நால்வரையும் எண்ணிப் பார்ப்பாராக. அவர்களும் ஒல்லியான உடலினரே.

ஓர் எச்சரிக்கையும் இங்குத் தேவை. தகுந்த பயிற்சியாளரும் மருத்துவ ஆலோசனையும் இன்றி, பட்டினி கிடந்தோ நீரருந்தாமலோ எடையைக் குறைக்க முயல்வது உயிருக்கே ஆபத்தாகும்.

பெற்றோரும் பெரியோரும் ஒன்றை மனத்தில் கொள்ளுதல் நன்று. ஜாதவை ஹெல்சிங்கிக்கு அனுப்பியது ஊராரின் காசும் ஓர் ஆசிரியரின் வீடும். ரவியை வளர்த்தது தந்தை சுமந்து சென்ற பால். உடல் வலிமை இளைஞனுடையது. அவன் நிற்பதற்கு ஒரு விரிப்பையும் கற்பிக்க ஓர் ஆசானையும் தேடித் தருவது சுற்றியிருப்போரின் கடமை. அக்கடமை நிறைவேறும் இடத்தில், 57 கிலோ எடையுள்ளவனும் உலகின் முன் தலைநிமிர்ந்து நிற்பான்.