தராசுக்கு முத்திரை உண்டு, மீற்றருக்கு?

வானில் சாமான் ஏற்றி, ஒலிபெருக்கி பூட்டி, ஊர் ஊராக வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கு எனது அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

ஒருநாள் பருத்தித்துறையில் எஞ்சினை அணைத்துவிட்டு ஒலிபெருக்கியை மட்டும் போட்டிருந்தேன். மாலையில் வான் ஸ்டார்ட் ஆகவில்லை. பற்றரி இறங்கிவிட்டது. உடனே ஒரு வோல்ற் மீற்றர் வாங்கிப் பூட்டினேன். அது காலையிலேயே 11.9 என்று காட்டியது. பற்றரி பழுது என்று நம்பிப் புதிது வாங்கினேன். அதிலும் அதே 11.9! பிழை பற்றரியில் அல்ல, மீற்றரில். காசு போன பிறகுதான் விளங்கியது.

1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். வோல்ற்றின் அருமை நமது மண்ணுக்குத் தெரியும். அதைச் சரியாக அளக்கவும் தெரிய வேண்டும்.

மீற்றருக்கு அம்பிளிபயரின் வயரிலிருந்து இணைப்பு எடுக்காதீர்கள். சத்தம் கூடும்போது அந்த வயரில் வோல்ற் குறைந்து பிழையாகக் காட்டும். பற்றரி முனையிலிருந்தே தனி வயர் இழுங்கள். முனைக்கு அருகில் 1 அம்பியர் பியூஸும், இடையில் ஒரு சுவிட்சும் போடுங்கள். சுவிட்ச் இல்லாவிட்டால் இரவெல்லாம் மீற்றரே பற்றரியைக் குடிக்கும்.

அடுத்தது சரிபார்த்தல். இரவு முழுவதும் வானை ஓய்வாக விடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் நல்ல மல்ரிமீற்றரைப் பற்றரி முனைகளில் வைத்துப் பாருங்கள். அதற்குள் இருக்கும் சிறு பற்றரி புதிதாக இருக்கட்டும். அது இறங்கினால் அளவு பிழைக்கும். இரண்டு கணக்கும் ஒத்துவராவிட்டால், மீற்றரின் பின்னாலுள்ள சிறு திருகாணியை மெதுவாகத் திருப்பி ஒன்றாக்குங்கள். திருகாணி இல்லாத மீற்றர் என்றால் வித்தியாசத்தை ஒரு துண்டில் எழுதிப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

நிறைந்த பற்றரி ஓய்வில் 12.6 அளவில் நிற்கும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம்; பாட்டை நிறுத்தி எஞ்சினைப் போடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். 13க்குக் கீழே நின்றாலோ 15ஐத் தாண்டினாலோ சார்ஜ் ஆவதில் கோளாறு, கராஜுக்குப் போங்கள்.

நமது தராசுக்கு வருடாவருடம் அரசாங்கம் முத்திரை குத்துகிறது. வான் மீற்றருக்கு முத்திரை குத்த யாரும் வரமாட்டார்கள். அந்த வேலையை நாமே செய்துகொள்ள வேண்டும். பிழையான அளவை நம்பிச் செய்யும் செலவு, முதலைத் தின்னும்.