படிமத்தை மாற்றுதலும் சான்றைப் பேணுதலும்

ஆய்வுச் சான்றுகள் தாளினின்றும் இணையவழித் தரவுத்தளங்களுக்குப் பெயர்ந்துள்ள இக்காலத்தில், பதிவொன்றுடன் இணைக்கப்பட்ட படிமத்தை அகற்றிப் புதியதை இடுதல் எழுதுவினைஞர் பணியாகவே பெரும்பாலும் கருதப்படுகின்றது. உண்மையில் அது சான்றின் நம்பகத்தன்மையோடு தொடர்புடையதாகும்.

மங்கலான ஒளிப்படங்கள், மிகப் பெரிய கோப்புகள், பக்கம் மாறிய வருடல்கள் முதலியன மாற்றப்படவேண்டியவையே. பதிவுகள் நூற்றுக்கணக்கில் அமையுமிடத்து, கையால் மாற்றுவோர் களைப்படைந்து தவறிழைப்பர். எனவே, ஒரே செயலை மீளமீள ஆற்றும் சிறு கட்டளைநிரலின் துணை நாடப்படுகின்றது.

எடுத்துக்காட்டாக, எயார்டேபிள் என்னும் தரவுத்தளச் சேவையை நோக்கலாம். இங்கு இணைப்புப் புலம் என்பது ஒரு பட்டியலாகும். நிரல் அப்பட்டியலில் ஒன்றைத் திருத்துவதில்லை. பட்டியல் முழுவதையும் புதிதாக எழுதுகின்றது. ஆகவே, பேணவேண்டிய பழைய படிமங்களின் அடையாளக் குறிகளையும் சேர்த்து எழுதாவிடின் அவை நீங்கிவிடும். மேலும், இவ்வாறு எழுதும்போது நிரல் வழக்கமாகத் தருவது புதிய படிமத்தின் இணைய முகவரியை. சேவையே அங்குச் சென்று படியொன்றை எடுத்துக்கொள்கின்றது. அம்முகவரி பொதுவில் திறக்கப்படாததாயின் படிமம் வந்துசேராது. கோரிக்கை ஏற்கப்பட்டமை படிமம் சேர்ந்தமைக்குச் சான்றன்று.

பிறிதொன்றும் கருதத்தக்கது. 2022ஆம் ஆண்டின் பின்னர், இச்சேவை வழங்கும் கோப்பு முகவரிகள் சில மணி நேரத்திற் காலாவதியாகின்றன. முகவரிகளை மட்டும் குறித்துவைத்தல் காப்புப்படி ஆகாது. கோப்புகளையே இறக்கிவைத்தல் வேண்டும்.

விநாடிக்கு 5 கோரிக்கைகள், கோரிக்கையொன்றுக்கு 10 பதிவுகள் என்பது இதன் வரையறை. அதன்படி 1,000 பதிவுகளை 20 விநாடிகளில் மாற்றிவிடலாம். கோப்புப் பெயரைக்கொண்டு பொருத்தியதில் நேர்ந்த ஒரு பிழையும் அதே 20 விநாடிகளில் எங்கும் பரவிவிடும். கையாற் செய்வோன் இடையில் ஐயுறுவான், நிரல் ஐயுறுவதில்லை.

ஆதலின் செயலொழுங்கு இன்றியமையாதது. முதலிற் பழைய கோப்புகளை இறக்கி, பதிவின் அடையாளக் குறியுடன் சேமித்தல். புதிய படிமத்தைப் பழையதன் அருகே வேறொரு புலத்தில் இடுதல். சில பதிவுகளிற் பரிசோதித்தல். கோப்பின் அளவையும் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் சரிபார்ப்புக் குறியையும் ஒப்பிடுதல். இறுதியிலேயே பழையதை நீக்குதல். விக்கிமீடியா பொதுவகத்தில் மேலெழுதப்பட்ட கோப்பின் முந்தைய வடிவங்கள் வரலாற்றுடன் எஞ்சுகின்றன. எல்லாச் சேவைகளும் அவ்வாறமைந்தவையல்ல.

தமிழாய்வாளருக்கு இப்பிரச்சினை புதிதன்று. ஏடுகள் பெயர்த்தெழுதப்பட்டபின் மூல ஏடுகள் கைவிடப்பட்டமையால், பாடபேதங்களுள் எது பழையது, எது படியெடுத்தோரின் பிழை என்று துணியவியலாத இடங்கள் பல. தெளிவான புதிய படிமம் படிப்போருக்கு உதவும். மங்கிய பழைய படிமமோ அதனைச் சரிபார்ப்போருக்கு உதவும். சான்றுகளை வணிகச் சேவைகளிடம் ஒப்படைத்துள்ள ஆய்வு நிறுவனங்கள், மூலப்படியைத் தம் கையில் வைத்திருத்தலை ஆய்வொழுக்கத்தின் பாற்பட்ட கடமையாகக் கொள்ளுதல் வேண்டும்.