பள்ளியிலிருந்து வானூர்திக்கு

விமானத் துறை என்றதும் மாணவர்கள் நினைப்பது விமானியைத்தான். இந்தியாவில் பத்தாம் வகுப்பு முடித்து 16 வயது நிரம்பியவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். சம்பளத்துக்கு விமானம் ஓட்டத் தேவையான வணிக விமானி உரிமத்துக்கு 18 வயதும் 200 மணி நேரப் பறத்தல் அனுபவமும் வேண்டும். வானிலை, வான்வழி கணித்தல், விமான விதிமுறைகள் முதலியவற்றில் தேர்வும் உண்டு. பயிற்சிக்குப் பெருந்தொகை செலவாகும். ஆகவே கட்டணம் கட்டுவதற்கு முன்பே மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுவதே புத்திசாலித்தனம். கண்ணாடி அணிவது தடையாகாது. ஆனால் நிறங்களைப் பிரித்தறியும் திறன் அவசியம்.

அதிகம் பேசப்படாதது பராமரிப்புப் பொறியாளரின் பணி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அங்கீகரித்த பள்ளியில் சேரலாம். பழுது பார்த்த விமானம் பறக்கத் தகுந்தது என்று உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்திட்டால்தான் அது கிளம்பும். பயணிகள் அறியாத அந்தக் கையெழுத்தில்தான் அவர்கள் உயிர் இருக்கிறது.

வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை இந்திய விமான நிலைய ஆணையம் போட்டித் தேர்வு நடத்தி எடுக்கிறது. பொறியியல் பட்டதாரிகளோடு, இயற்பியலும் கணிதமும் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகளும் எழுதலாம்.

விமானத்தை வடிவமைக்க விரும்புவோருக்கு வானூர்திப் பொறியியல் இருக்கிறது. அப்துல் கலாம் அதைப் படித்தது சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில், அங்கு இன்றும் அந்தப் படிப்பு உண்டு.