சபைகள் இணைந்தன, சாதிகள்?

1938 டிசம்பரில் உலகத் திருச்சபைகளின் கவனம் தாம்பரத்தின் மீது குவிந்தது. சீனாவில் நடைபெறவிருந்த அனைத்துலக மிஷனரி மன்றத்தின் மாநாடு, போரின் காரணமாக, சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகத்துக்கு மாற்றப்பட்டது. கல்லூரி தாம்பரத்துக்கு இடம்பெயர்ந்து அப்போது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

பிரிந்து கிடந்த சபைகளை ஓரிடத்தில் அமர்த்தும் பழக்கத்தை வளர்த்ததில் மாணவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. 1895இல் ஸ்வீடனில் உலக மாணவர் கிறித்தவக் கூட்டமைப்பும், 1912இல் இந்திய மாணவர் கிறித்தவ இயக்கமும் தோன்றின. சபை வேறுபாடு பாராமல் இளைஞர்கள் அவற்றில் ஒன்றுகூடினர். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானதற்கு இத்தகைய ஒத்துழைப்பும் ஒரு பின்புலம்.

சபைகள் இணைந்தன, சாதிகள் இணைந்தனவா? 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறித்தவ தலித்துகளைப் பட்டியல் சாதியினராக ஏற்பதில்லை. சீக்கியர்களுக்கு 1956இலும் பௌத்தர்களுக்கு 1990இலும் திறந்த கதவு இவர்களுக்குத் திறக்கவில்லை. தமிழகத்தில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். ஞானஸ்நானம் ஒரு குடும்பத்தின் நிலத்தையோ கூலியையோ உயர்த்துவதில்லை. உரிமையை மட்டும் பறித்துவிடுகிறது.

அரசிடம் நீதி கேட்பது அவசியம். அதற்கு முன்பாகவே செய்யக்கூடியதும் உண்டு. திருச்சபைகள் நடத்தும் கல்லூரிகளில் மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் நியமனத்திலும் தலித்துகளின் பங்கு என்ன என்ற கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுமாறு வளாக மாணவர் அமைப்புகள் கோரலாம். அதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நிர்வாகங்களின் மனத்திருத்தம் போதும்.